தூரமளக்கும் பைனாகுலரும் ஸ்கோப் டரெட்டும்: கொழும்பிலிருந்து வெளிநாட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தூரமளக்கும் பைனாகுலரை வைத்து இலங்கையில் வேட்டையாடலாமா?

மான், மரை போன்றவற்றை வேட்டையாட முடியாது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரவினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அவற்றைப் பாதுகாக்கிறது. துப்பாக்கி வைத்திருப்பதற்கே 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். இந்தப் பக்கம் நியூசிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ உறவினர், நண்பர்களுடன் சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர்களுக்கானது. நியூசிலாந்தில் செம்மானும், தார், ஷமோய் என்ற மலையாட்டு இனங்களும் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டுக் காட்டைத் தின்று பெருகியவை. அங்கே பொது நிலத்தில் வேட்டையாட அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும், வெளிநாட்டவருக்குப் பொலிஸ் வழங்கும் வருகையாளர் சுடுகலன் உரிமமும் தேவை. அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேட்டையாடப்படும் மரைகள் 1860களில் கொண்டுபோய் விடப்பட்டவற்றின் வழிவந்தவை. அவற்றில் ஒரு பகுதி நம் தீவிலிருந்து போனது. அங்கே மரைக்கு எந்த அளவு குழல், எத்தனை கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டு என்பதற்கெல்லாம் விதி உண்டு. துப்பாக்கியைத் தெரிவுசெய்யும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஸ்கோப்பையோ லேசர் பைனாகுலரையோ கட்டுநாயக்க வழியாகக் கொண்டுவரும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன்பே சுங்கத் திணைக்களத்திடமும் பாதுகாப்பு அமைச்சிடமும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைனாகுலர் சொல்லும் எண்ணுக்கும் டரெட்டுக்கும் என்ன தொடர்பு?

டரெட் என்பது துப்பாக்கி ஸ்கோப்பின் மேல் உள்ள, குறியை மேலே கீழே நகர்த்தும் திருகுகுமிழ். பொத்தானை அழுத்தியதும் பைனாகுலர் ஒரு லேசர் துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 500 மீற்றரில் உள்ள பொருளிலிருந்து ஒளி திரும்ப ஏறத்தாழ 3.3 மைக்ரோ செக்கன் எடுக்கும். அதோடு உள்ளே இருக்கும் உணரிகள் சரிவுக் கோணம், வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றையும் எடுக்கின்றன. நீங்கள் முன்கூட்டியே பதிந்த துப்பாக்கி, குண்டு விவரங்களுடன் இவற்றைச் சேர்த்து, "3.2 மில் மேலே" என்பது போல ஒரு எண்ணைத் திரையில் காட்டும் (மில் ஒரு கோண அலகு). ஒரு கிளிக் 0.1 மில் என்றால் டரெட்டை 32 கிளிக் திருப்பவேண்டும்.

சந்தையில் உள்ள எல்லாமே இந்தக் கணக்கைச் செய்வதில்லை. சில தூரத்தை மட்டும் காட்டும். சில தூரமும் கோணத் திருத்தமும் தரும். லைக்காவின் ஜியோவிட் புரோ, வோர்டெக்ஸின் ஃபியூரி எச்டி 5000 ஏபி போன்றவற்றில் முழுக் குண்டுப்பாதைக் கணிப்பி உள்ளேயே இருக்கிறது. துப்பாக்கி விவரத்தைக் கைபேசிச் செயலியில் எழுதி புளூடூத் வழியே அனுப்பலாம். தூரம் மட்டும் காட்டுவது போதாது என்று நினைக்கவேண்டாம். ஸ்கோப்பின் பக்கத்தில் ஒட்டிய சிறு அட்டவணையுடன் அதுவும் நன்றாக வேலைசெய்யும். பற்றறி இறந்தாலும் அட்டவணை இறக்காது.

மில்லா, எம்.ஓ.ஏ.யா?

இரண்டும் கோண அலகுகள்தான்; எதுவும் மற்றதைவிடத் துல்லியமல்ல. மீற்றரில் சிந்திக்கும் நமக்கு மில் எளிது: 1 மில் 100 மீற்றரில் 10 செ.மீ., எனவே 0.1 மில் கிளிக் 1 செ.மீ. எம்.ஓ.ஏ. என்றால் 100 மீற்றரில் 2.9 செ.மீ.; கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஏறத்தாழ 0.73 செ.மீ. 1 மில் என்பது 3.44 எம்.ஓ.ஏ.

ஒரே ஒரு விதிதான். பைனாகுலர் திரை, டரெட், ஸ்கோப்பின் உள்ளே தெரியும் குறிக்கோடுகளான ரெட்டிக்கிள் மூன்றும் ஒரே அலகில் இருக்கவேண்டும். கடனாக வாங்கிய துப்பாக்கியில் எம்.ஓ.ஏ. டரெட் இருக்க, உங்கள் பைனாகுலர் மில்லில் காட்டினால், "3.2" என்பதை அப்படியே திருப்புவீர்கள்; குண்டு 500 மீற்றரில் ஒரு மீற்றருக்கு மேல் கீழே போய்விடும். அதேபோல கருவி தூரத்தை யார் அலகில் காட்டுகிறதா, மீற்றரிலா என்பதையும் சரிபார்க்கவேண்டும். 500 யார் என்பது 457 மீற்றர்தான்.

பைனாகுலரில் என்னென்ன பதியவேண்டும்?

முதலாவது, குண்டின் குழல்வாய் வேகம். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்பவேண்டாம். அது உற்பத்தியாளரின் சோதனைக் குழலில் அளந்தது. உங்கள் குழல் அதைவிடக் குட்டையாக இருக்கலாம். குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் கருவியால் குறைந்தது பத்துச் சூடுகளை அளந்து சராசரியைப் போடுங்கள். 6.5 கிரீட்மோர் என்ற தோட்டாவின் 143 கிரெயின் குண்டு செக்கனுக்கு 823 மீற்றரில் போவதாகப் பதிந்து, உண்மையில் 808 மீற்றரில் போனால், 600 மீற்றரில் 10 செ.மீ. அளவு கீழே விழும்.

அடுத்தது குண்டின் காற்றெதிர்ப்புக் குணகம். ஜி1, ஜி7 என்று இரண்டு அளவுமுறைகள் உண்டு. நீண்ட வால்சரிவுள்ள குண்டுக்கு ஜி7 பொருந்தும். ஜி7 எண்ணை ஜி1 இடத்தில் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. மேலே சொன்ன குண்டுக்கு ஜி7 0.315 ஆகவும் ஜி1 0.625 ஆகவும் இருப்பதால், மாறிப்போனால் விடை முழுதும் தவறும்.

பிறகு குழலின் நடுவிலிருந்து ஸ்கோப்பின் நடு வரையான உயரம். பெரும்பாலும் 4 முதல் 5 செ.மீ. வரும், அடிமட்டத்தால் அளந்தால் போதும். கடைசியாக ஜீரோ தூரம், அதாவது டரெட் 0இல் இருக்கும்போது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும் தூரம். 100 மீற்றரில் ஜீரோ செய்தீர்களா, 100 யாரிலா, 200 மீற்றரிலா என்பதைச் சரியாகச் சொல்லவேண்டும்.

இந்த விவரங்களுடன் கடல்மட்டக் காற்றில், 100 மீற்றர் ஜீரோவுக்கு, மேலே சொன்ன குண்டு ஏறத்தாழ 300 மீற்றருக்கு 1.3 மில், 400க்கு 2.2, 500க்கு 3.2, 600க்கு 4.3 கேட்கும். உங்கள் திரை இதிலிருந்து வெகுவாக விலகினால் எங்கோ ஓர் எண் தவறாகப் பதிந்திருக்கிறது.

டரெட் சொன்ன அளவு உண்மையிலேயே நகர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இதைச் செய்யாமல் மலைக்குப் போகாதீர்கள். கணிப்பி எவ்வளவு சரியாகச் சொன்னாலும் ஸ்கோப் 10 மில் திருப்பினால் 9.8 மில்தான் நகரும் என்றால் எல்லாக் கணக்கும் வீண்.

1. துப்பாக்கிக் குழலிலிருந்து இலக்கு வரை 100 மீற்றரை நாடாவால் அளந்து வையுங்கள். ஒன்றிரண்டு மீற்றர் பிழைகூட இந்தச் சோதனையைக் கெடுக்கும்.
2. ஒன்றரை மீற்றர் உயரமான அட்டையில், தூக்குக்குண்டு நூல் பிடித்துச் செங்குத்தாக ஒரு கோடு போடுங்கள். கீழே ஒரு புள்ளி.
3. ரெட்டிக்கிளின் செங்குத்துக் கோடு அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்கவேண்டும். கீழ்ப் புள்ளியைக் குறிவைத்து, டரெட் 0இல் ஐந்து சூடு.
4. அதே புள்ளியைக் குறிவைத்தபடி 10 மில் மேலே திருப்பி ஐந்து சூடு.
5. இரு குண்டுத்துளைக் கூட்டங்களின் நடுக்களுக்கு இடையே அளந்து பாருங்கள். சரியாக 100 செ.மீ. இருக்கவேண்டும்.

98 செ.மீ. வந்தால் டரெட் 2 சதவீதம் குறைவாக நகர்கிறது, கணிப்பியில் 1.02 என்ற திருத்தக் காரணியை இடலாம். அதற்கு இடமில்லாத கருவி என்றால் அட்டவணையைக் கையால் திருத்துங்கள். மேல் கூட்டம் கோட்டிலிருந்து பக்கமாக விலகியிருந்தால், சுடும்போது ரெட்டிக்கிள் கோட்டை விட்டுச் சாய்ந்திருக்கிறது, அல்லது ரெட்டிக்கிளும் டரெட் நகரும் திசையும் ஒன்றாக இல்லை. மட்டம் பார்த்து மீண்டும் சுடுங்கள்; அப்போதும் விலகினால் பிழை ஸ்கோப்பில்தான்.

ஜீரோ ஸ்டொப் எதற்கு?

மேலே திருப்பிய டரெட்டைத் திரும்ப 0க்குக் கொண்டுவரும்போது அதற்குக் கீழே போகாமல் தடுப்பதற்கு. ஒரு முழுச் சுற்று 10 மில் என்றால், 0உம் 10உம் ஒரே இடத்தில் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் ஒரு சுற்று கூடுதலாக நின்றால் கண்ணுக்குப் பிடிபடாது. ஜீரோ செய்து முடித்ததும் திருகைத் தளர்த்தி, அளவுவளையத்தை 0இல் வைத்து, திருகை உற்பத்தியாளர் சொல்லும் அழுத்தத்துக்கு இறுக்கிய பின் ஒரு சூடு சுட்டுப் பாருங்கள். இறுக்கும்போது வளையம் ஒரு கிளிக் நகர்ந்திருக்கலாம்.

பைனாகுலர் தவறான தூரம் காட்டுவது ஏன்?

எங்களுக்கு வரும் கேள்விகளில் அதிகம் இதுதான். பெரும்பாலும் கருவியில் பழுதில்லை. லேசர் வேறெதன் மீதோ பட்டிருக்கிறது.

லேசர் கதிர் நூல்போலப் போவதில்லை, தூரம் கூடக் கூட விரிகிறது. 1.5 மில்லிரேடியன் அகலமும் 0.5 மில்லிரேடியன் உயரமும் விரியும் கதிர், 600 மீற்றரில் 90 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பட்டையாக இருக்கும். மானின் நெஞ்சில் குறிவைத்தாலும் அந்தப் பட்டையின் ஒரு பகுதி முன்னால் உள்ள புல்மேட்டிலோ பின்னால் உள்ள பாறையிலோ விழும். தட்டையான புல்வெளியில் தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போது இது மோசம்: விலங்கு 560 மீற்றரில் நிற்க, திரை 520 என்று சொல்லும். அந்தத் தூரத்தில் 20 மீற்றர் பிழையே 10 செ.மீ.க்கு மேல் உயர வித்தியாசம் தரும். 40 மீற்றர் என்றால் தவறவிடுவீர்கள், அல்லது அதைவிட மோசமாகக் காயப்படுத்துவீர்கள். 250 மீற்றரில் இதே பிழை அவ்வளவாகப் பாதிக்காது.

செய்யவேண்டியது: ஒரே தடவை அளந்து நம்பாமல் மூன்று தடவையாவது அளக்கவும். விலங்கின் மீது, பிறகு அதே சரிவில் அதன் பக்கத்தில் உள்ள பாறை அல்லது மரத்தின் மீது, பிறகு மீண்டும் விலங்கின் மீது. எண்கள் ஒன்றுக்கொன்று ஓரிரு மீற்றருக்குள் வந்தால் சரி. பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடர்ந்து அளக்கும் ஸ்கேன் முறையில் பார்த்தால், கதிர் எந்த இடத்தில் புல்லிலிருந்து விலங்குக்குத் தாவுகிறது என்பது எண்கள் குதிப்பதிலேயே தெரியும்.

கருவியில் முதல் இலக்கு, கடைசி இலக்கு என்று தெரிவு இருந்தால், வேட்டைக்குக் கடைசி இலக்கு முறையை வையுங்கள். புதர், தூறல், பனிமூட்டம் எல்லாம் முன்னால் இருப்பதால் அவற்றைத் தாண்டிய எண்ணை அது எடுக்கும். ஆனால் விலங்கு மலைமுகட்டில் நிற்க, பின்னால் வேறொரு மலை தெரிந்தால், அதே முறை பின்மலையின் தூரத்தைக் காட்டிவிடும். அங்கே முதல் இலக்குக்கு மாற்றுங்கள்.

இன்னொன்று, கை நடுக்கம். பத்து மடங்கு பெருக்கத்தில் 600 மீற்றரில் கையால் பிடித்து அளப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முக்காலியும் பைனாகுலர் இணைப்பியும் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் முதுகுப்பையின் மேல் வைத்து அளங்கள்.

பெட்டியில் எழுதிய உச்சத் தூரம் ஒளியை நன்கு பிரதிபலிக்கும் பலகைக்கானது. விலங்கின் மயிருக்கு அதில் பாதிக்கும் குறைவாகவே எதிர்பாருங்கள். நண்பகல் வெயிலில் இன்னும் குறையும்.

உள்ளே தெரியும் சிவப்புப் புள்ளியும் லேசரும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

எல்லாக் கருவிகளிலும் அப்படி இருப்பதில்லை. வானத்துக்கு எதிரே தனியாக நிற்கும் ஒரு கம்பம் அல்லது தந்தித்தூணை 150 முதல் 200 மீற்றரில் தேடுங்கள். ஸ்கேன் முறையில் இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்தி, எண் தோன்றும் இடத்தையும் மறையும் இடத்தையும் கவனியுங்கள். பிறகு ஒரு கூரை விளிம்பில் மேலிருந்து கீழாக. கதிரின் நடு, புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் தள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதைத் தாளில் வரைந்து பைனாகுலர் உறையில் வையுங்கள்.

புள்ளியே மங்கலாகத் தெரிந்தால் டயொப்டர் (ஒவ்வொரு கண்ணுக்கும் ஏற்பக் கூர்மையைத் திருத்தும் வளையம்) சரியில்லை. முதலில் புள்ளி உள்ள குழலில் புள்ளியைக் கூர்மையாக்கி, பிறகு நடுச்சக்கரத்தால் காட்சியைக் கூர்மையாக்கி, கடைசியாக மற்றக் கண்ணின் டயொப்டரைத் திருத்துங்கள். எந்தக் குழலில் திரை இருக்கிறது என்பது கருவிக்குக் கருவி வேறுபடும்.

மலைச்சரிவில் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுட்டால்?

குண்டு விழுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிடைத்தூரம்தான். 500 மீற்றர் நேர்த்தூரம், 30° சரிவு என்றால், கொசைன் 0.866ஆல் பெருக்கி 433 மீற்றருக்கான திருத்தத்தைப் போடவேண்டும். மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் ஒன்றுதான். 10° வரை வித்தியாசம் 1.5 சதவீதம் மட்டுமே. கவனிக்கவேண்டியது, கணிப்பி கோணத்தை ஏற்கெனவே சேர்த்துவிட்டதா என்பது. சில திரைகள் இரண்டு எண்களையும் மாறி மாறிக் காட்டும். திருத்திய தூரத்தை எடுத்து இன்னொருமுறை கொசைன் போட்டால் குண்டு கீழே போகும். காற்றுக்கு மட்டும் நேர்த்தூரத்தையே எடுங்கள். குண்டு காற்றுக்குள் பயணிப்பது அவ்வளவு தூரமும்தான்.

கொழும்பில் பதிந்த விவரம் அங்கே பிழையாகுமா?

துப்பாக்கி, குண்டு விவரங்கள் பிழையாகாது. காற்று விவரம் பிழையாகும். கொழும்பில் அழுத்தம் ஏறத்தாழ 1010 ஹெக்டோபாஸ்கல், வெப்பநிலை 30°. 1,500 மீற்றர் உயர மலையில் அழுத்தம் 845 அளவுக்கு இறங்கும். மெல்லிய காற்றில் குண்டு குறைவாக விழும்.

இதில் இரண்டு பொறிகள். முதலாவது, வானிலைச் செயலி சொல்லும் அழுத்தம் கடல்மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. அதை அப்படியே "இட அழுத்தம்" என்ற கட்டத்தில் இட்டால், மலையுச்சியில் நின்றுகொண்டு காலிமுகத்திடல் காற்றுக்குக் கணக்குப் போட்டதாகிவிடும். கருவியின் சொந்த அழுத்த உணரியை நம்புவது நல்லது. இரண்டாவது, வெப்ப உணரி. பைனாகுலர் நெஞ்சோடு, சட்டைக்குள் தொங்கினால் உடல்சூட்டை அளந்து 25° என்று காட்டும், வெளியே 5°. வெளியே எடுத்து நிழலில் சில நிமிடங்கள் ஆறவிட்டு அளங்கள்.

குளிரில் வெடிமருந்தும் மெதுவாக எரிந்து குழல்வாய் வேகம் குறையலாம். எந்த அளவு என்பது மருந்துக்கு மருந்து வேறுபடும். போகிற இடத்தில் காலையில் ஒருமுறை குரோனோகிராஃப் வைத்தால் தெரிந்துவிடும்.

காற்றின் வேகத்தைப் பைனாகுலர் அளக்குமா?

அளக்காது. நீங்கள் சொல்லும் காற்றுக்குக் கணக்குப் போடும், அவ்வளவுதான். நீண்ட தூரச் சூட்டில் தவறுவதற்கு முதற்காரணம் இதுதான். நம் உதாரணக் குண்டை 500 மீற்றரில் செக்கனுக்கு 4.5 மீற்றர் பக்கக்காற்று ஏறத்தாழ 1 மில், அதாவது அரை மீற்றர் தள்ளும். காற்றை செக்கனுக்கு 1.5 மீற்றர் தவறாகக் கணித்தால் 16 செ.மீ. விலகும். செம்மானின் உயிர்நிலைப் பகுதி ஏறத்தாழ 25 செ.மீ. விட்டம் என்று எடுத்தால், நடுவிலிருந்து விளிம்புக்கு 12 செ.மீ.தான். 300 மீற்றரில் அதே தவறு 5, 6 செ.மீ.யோடு முடிந்துவிடும்.

உங்கள் இடத்துக் காற்றைச் சிறிய காற்றளவிக் கருவியால் அளங்கள். நடுவழியில் புல் சாய்வதையும், கானல் ஓடும் திசையையும் பைனாகுலரிலேயே பாருங்கள். காற்றுக்குப் பக்க டரெட்டைத் திருப்பாமல் ரெட்டிக்கிளின் கோடுகளால் பிடிப்பது நல்லது. காற்று மாறினால் உடனே மாற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: ரெட்டிக்கிள் இரண்டாம் குவியத்தளத்தில் உள்ள ஸ்கோப்பில் (பெருக்கத்தை மாற்றினாலும் ரெட்டிக்கிள் ஒரே அளவில் தெரியும் வகை) அந்தக் கோடுகள் ஒரே ஒரு பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில். பாதிப் பெருக்கத்தில் 1 மில் கோடு 2 மில் ஆகிவிடும்.

களத்தில் எந்த ஒழுங்கில் செய்வது?

முதலில் படுக்க இடம், தாங்கல், பின்னால் குண்டைத் தாங்கும் மண்மேடு. பிறகு தூரம், மூன்று தடவை. திரையில் உள்ள துப்பாக்கிப் பெயர் சரியா என்று பார்க்கவும். இரண்டு துப்பாக்கி விவரங்கள் சேமித்த கருவியில் இது முக்கியம். எண்ணை வாய்விட்டுச் சொல்லுங்கள், டரெட்டைத் திருப்புங்கள், பக்கத்தில் இருப்பவர் டரெட்டைப் பார்த்து எண்ணைத் திருப்பிச் சொல்லட்டும். குமிழ்மட்டம் பாருங்கள்: 3° சாய்வு 600 மீற்றரில் குண்டை 13 செ.மீ. பக்கமாகத் தள்ளும். விலங்கு நகர்ந்துவிட்டால் மறுபடியும் தூரம் அளக்கவேண்டும், ஊகிக்கக்கூடாது. எல்லாம் முடிந்தபின், சுட்டாலும் சுடாவிட்டாலும், டரெட் 0க்குத் திரும்பவேண்டும். 400 மீற்றருக்கு ஏற்றிய டரெட்டோடு அடுத்து 100 மீற்றரில் சுட்டால் 22 செ.மீ. மேலே போகும்.

தூரங்களைப் பொறித்த டரெட் வாங்கினால் இவ்வளவும் தேவையில்லையே?

ஒரே குண்டு, ஒரே உயரம், ஒரே பருவம் என்றால் வசதிதான். அது ஒரு காற்றடர்த்திக்காகப் பொறிக்கப்பட்டது. கடற்கரைப் பண்ணைக்கும் 1,500 மீற்றர் மலைக்கும் ஒரே வளையத்தைக் கொண்டுபோனால் 300 வரை பரவாயில்லை, 500இல் பிழையாகும்.

எவ்வளவு தூரம் வரை சுடலாம்?

கருவி 2,000 மீற்றரைக் காட்டுகிறது என்பதற்காக அவ்வளவு தூரம் சுடலாம் என்றாகாது. வேட்டை நிலையில், மூச்சு வாங்கியபடி, முதுகுப்பையின் மேல் வைத்து, முதல் சூட்டிலேயே 25 செ.மீ. வட்டத்துக்குள் பத்துக்குப் பத்து விழும் தூரம் எதுவோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 300 மீற்றர். அதில் வெட்கமில்லை. 500 மீற்றருக்குக் குண்டு போய்ச்சேர ஏறத்தாழ 0.7 செக்கன் ஆகும். மேய்கிற மான் அதற்குள் ஓர் அடி எடுத்துவைத்தால் நெஞ்சுக்குப் போகவேண்டிய குண்டு வயிற்றில் படும். குண்டு விரிவதற்கு உற்பத்தியாளர் சொல்லும் குறைந்தபட்ச வேகத்தையும் பாருங்கள். அந்த வேகத்துக்குக் கீழே இறங்கும் தூரம் எல்லைக்கு அப்பால்தான். எட்டாத தூரத்தில் நின்றால் நெருங்கிப் போங்கள். நெருங்க வழியில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கொழும்பில் துப்பாக்கி இல்லாமல் என்ன பழகலாம்?

தூரம் அளப்பதை முழுதாகப் பழகலாம். காலிமுகத்திடல் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளம். விளக்குக்கம்பங்களுக்கு முதலில் கண்ணால் தூரம் ஊகித்து, பிறகு அளந்து, கைபேசி வரைபடத்தில் சரிபாருங்கள். துறைமுகம், ஜனாதிபதி செயலகம், படையினர் நிற்கும் இடங்கள் ஆகியவற்றின் பக்கம் பைனாகுலரைத் திருப்பவேண்டாம். தலங்கம குளத்துக்கு அதிகாலையில் போனால் நாணலும் மூடுபனியும் கிடைக்கும். முதல் இலக்கு, கடைசி இலக்கு வித்தியாசத்தை அங்கே கற்பதுபோல் வேறெங்கும் கற்க முடியாது. கோணத்துக்கு வெள்ளவத்தையில் உயர்ந்த மாடி ஒன்றின் மொட்டைமாடி, உரியவரின் அனுமதியோடு: 45 மீற்றர் உயரத்திலிருந்து 90 மீற்றர் நேர்த்தூரத்தில் உள்ள பாறையைப் பார்த்தால் திரை 30°யும் 78 மீற்றர் கிடைத்தூரமும் காட்டவேண்டும். அயலவரின் யன்னல்களை நோக்கி வேண்டாம்.

பயணத்திலும் வீட்டிலும் எப்படிப் பாதுகாப்பது?

பல கருவிகள் சிஆர்2 லித்தியம் பற்றறியில் ஓடுகின்றன. உதிரி லித்தியம் பற்றறிகள் விமானத்தில் கைப்பையில்தான் போகவேண்டும், முனைகள் ஒன்றோடொன்று படாமல். குளிரில் பற்றறி சீக்கிரம் சோர்ந்துவிடும்; உதிரியை உட்சட்டைப் பையில் வையுங்கள்.

கொழும்பு ஈரத்தில் பைனாகுலருக்கு எதிரி பூஞ்சணம். நைதரசன் நிரப்பிய குழலுக்குள் ஈரம் புகாது. ஆனால் வெளிக்கண்ணாடியின் பூச்சில் பூஞ்சணம் பிடித்துத் தின்றால் திரும்பக் கிடைக்காது. தோல் உறையில் மூடி அலுமாரிக்குள் வைக்கவேண்டாம். 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் காக்கும் உலர்பெட்டி, அல்லது நன்றாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும். ஜெல் நிறம் மாறினால் உலர்த்தி மறுபடி போடலாம். கடற்கரையில் பழகிவிட்டு வந்தால் உப்புப் படிந்த கண்ணாடியை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுத்து, பிறகு லென்ஸ் துணி. பற்றறியைக் கழற்றித் தனியாக வையுங்கள். மாதக்கணக்கில் உள்ளே கிடந்து கசிந்தால் தொடுமுனைகள் அரித்துப்போகும்.